ரம்பம் வருது

என் காலை அறுக்க ஆள் வரப்போவது முந்தின நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது. ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து, இடது காலில் மாவுக்கட்டோடு ஈஜோக் பக்கத்து எஸ்டேட் லயத்து வீட்டில் கிடந்தேன். அடுப்படியில் அப்பாவின் குரல் கேட்டது.

"ராசாவிலேருந்து நாளைக்கு ரம்பம் வருது. மூணு மணி நேரம் அறுக்காம விடாது."

அதற்கு என்னைப் பெற்றவள் சொன்ன பதில்தான் இன்னும் மோசம்.

"நம்மால முடியாதுங்க. பையனக் குடுத்துருவோம். கட்டுப் போட்ட காலோட எங்க ஓடிடப் போறான்?"

ராசா என்ற ஊரில்தான் பெரியப்பா மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தார். இதற்கு மேல் என்ன சந்தேகம்? கட்டுக்குள் நாற்றம் அடிக்கிறது என்று அம்மா வேறு முந்தாநாள்தான் மூக்கைப் பிடித்திருந்தார். மூன்று மணி நேரம் என்பது மட்டும்தான் உதைத்தது. என் கால் அவ்வளவு தடிமன் இல்லை.

ஓயாமல் பேசுகிறவரையும் ரம்பம் என்பார்கள், அவர் பேச்சுக்கு அறுவை என்று பெயர் என்பதெல்லாம் எங்கள் தமிழ்ப் பள்ளியில் சொல்லித்தரவில்லை.

இனி எதற்கு என்று இடது கால் சப்பாத்தைத் தங்கையின் பொம்மைக்குத் தொட்டிலாகக் கொடுத்தேன். அவள் வலதையும் கேட்டாள். பிறகு சிவப்புக் கிரேயானை எடுத்து மாவுக்கட்டின் மேல் எழுதினேன்: 'நல்ல கால். அறுக்க வேண்டாம்.' கீழே மரியாதைக்கு 'நன்றி'.

மறுநாள் காலையில் பெரியப்பா ஒரு பையோடு வந்தார். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு வேலையைச் சொல்லி அடுப்படிக்குள் நழுவினார்கள். பைக்குள்ளிருந்து லங்சாட் பழம்தான் வந்தது. மாவுக்கட்டின் மேல் எழுதியிருந்ததைப் பெரியப்பா வாய்விட்டுப் படித்தார்.

"யாருடா உன் கால அறுக்கறேன்னது?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன், மூன்று மணி நேரம் உட்பட. பெரியப்பா ஒரு பழத்தை மெதுவாக உரித்தார்.

"மில்லுல இருக்கேன்ல, அதான் அந்தப் பேரு. உன் காலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லடா."

கால் தப்பியது! அந்தக் குஷியில் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். மலாயில் ரம்பத்துக்குக் கெர்காஜி என்று பெயராம். ஈர மரம் அதன் பல்லைக் கவ்விக்கொள்ளுமாம். அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"ரம்பம் கெளம்புதும்மா. இன்னிக்கு அரை மணி நேரந்தான் அறுத்துச்சு."

அவர் படி இறங்கியதும் அம்மா தேத்தண்ணிக் குவளையோடு பின்னால் ஓடினார். அப்பா சட்டைகூடப் போடாமல் ஓடினார். நான் ஜன்னலுக்கு நொண்டிப் போய், அடுத்த தடவை ரம்பத்தையும் எடுத்து வாருங்கள் பெரியப்பா என்று கத்தினேன். தப்பியது என் கால். இவர்கள் எதற்கு ஓடுகிறார்கள் என்று விளங்கவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்துக் கையசைத்தேன்.