கரையில் எரிந்த குளத்து விளக்கு

எவாரிஸ்தோ முப்பத்தோரு வருஷம் நகராட்சியில் வேலை பார்த்தார். வேலை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நான்காம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வருகிறவனிடம் எந்தக் காகிதம் குறைகிறது என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். எல்லாக் காகிதமும் சரியாக இருந்ததாக ஒருவனிடமாவது அவர் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு ஸ்பெயினின் முர்சியா கடற்கரையில் கவியோதாஸ் குடியிருப்பில் இரண்டாம் மாடி வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் வருஷம் சுழற்சி முறையில் குடியிருப்புச் சங்கத் தலைவர் பதவி அவர் வாசலுக்கு வந்தது. மற்றவர்கள் அந்தப் பதவி வரும்போது முதுகுவலி என்பார்கள், மாமியாருக்கு முடியவில்லை என்பார்கள். இவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து ஏற்றுக்கொண்டார்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். இவர் குடை பிடிக்கவில்லை, அறிவிப்பு ஒட்டினார். நீச்சல் குளத்தைச் சுற்றி ஓடக் கூடாது. பந்து கூடாது. தர்ப்பூசணி கூடாது. ஈரக் காலோடு லிஃப்டில் ஏறக் கூடாது. மின்பெட்டியைத் தலைவர் தவிர யாரும் தொடக் கூடாது. ஒவ்வொன்றும் லேமினேஷன் செய்தது, கையெழுத்தும் முத்திரையும் உட்பட.

அந்த அறிவிப்புகளைத் தினமும் காலையில் துடைக்க வேண்டியவள் ரெமே. பதினான்கு கோடைகளாக அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்கிறவள். எவாரிஸ்தோவை அவள் வெறுத்தாள் என்று சொன்னால் அவருக்கு அது அதிகப்படி கௌரவம். அவள் கணக்கில் அவர் வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும் இலை. தினமும் எடுத்துப் போட வேண்டியதுதான், கோபப்பட என்ன இருக்கிறது?

மே மாதக் கடைசியில் குளத்தின் ஆழமான பக்கத்து விளக்கு அணைந்தது. ரெமே அறிவிப்பைச் சட்டை செய்யாமல் மின்பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தாள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பன்னிரண்டு வோல்ட் ஒழுங்காக வந்தது. அப்படியானால் கோளாறு தண்ணீருக்குள். சுவரோரம் மூழ்கி, விளக்கின் தலையிலிருந்த ஒற்றைத் திருகைக் கழற்றினாள். விளக்கின் பின்னால் குழிக்குள் ஒன்றரை மீட்டர் வயர் சுருட்டி வைத்திருக்கும். அதை இழுத்தால், குளத்துத் தண்ணீரை இறைக்காமலே விளக்கைக் கரையில் கொண்டு வந்து வைக்கலாம். திறந்தாள். உள்ளே அரை டம்ளர் பச்சைத் தண்ணீர். ரப்பர் வளையம் காய்ந்த ரொட்டி ஓரம் மாதிரி விறைத்துக் கிடந்தது.

"பல்பும் மாத்தணும், ரப்பரும் புதுசு போடணும், தலைவரே. ரப்பர மாத்தலன்னா புது பல்பும் நாலு நாள்ல போயிடும்" என்றாள்.

"ஏம்மா, வீட்டுல பல்பு போச்சுன்னா ஆள் வச்சா மாத்துறோம்?" என்றார் எவாரிஸ்தோ. "நானே மாத்திக் காட்டுறேன் பாரு. எல்லார் முன்னாடியும்."

மறுநாள் லிஃப்டில் பொதுக்கூட்ட அஜெண்டா ஒட்டியிருந்தது. மூன்றாவது: விளக்கு மாற்றுதல், தலைவரின் செயல் விளக்கம். நான்காவது: குளப் பராமரிப்பாளர் இனி தேவையா, ஓட்டெடுப்பு. ஐந்தாவது: வேண்டுகோள்களும் கேள்விகளும்.

ரெமே நான்காவதை இரண்டு தடவை படித்தாள். சுற்று வட்டாரத்தில் இருந்த குளங்களையெல்லாம் ஒரு பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டுவிட்டது. இது போனால் அவளுக்கு வேறு குளம் கிடையாது. நாற்பத்தாறு வயதில் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான். அதுவும் இந்த ஆள் கையால்! அதுதான் அவளால் பொறுக்க முடியாதது.

கூட்டம், ஜூனில் வரும் சான் ஹுவான் திருநாளுக்கு நான்கு நாள் முன்பு. திருநாளன்றுதான் வருஷா வருஷம் குளம் திறக்கும். முதல் அழைப்பு இரவு எட்டு மணிக்கு, ஆள் சேராவிட்டால் இரண்டாவது அழைப்பு எட்டரைக்கு. முதல் அழைப்புக்கு யாரும் வந்ததாக அந்தக் கரையில் ஞாபகம் இல்லை. எவாரிஸ்தோ மட்டும் எட்டுக்கே வந்து, இருபத்துநான்கு காலி நாற்காலிகளுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். எட்டரைக்கு மற்ற வீட்டுக்காரர்கள் வந்தார்கள். எங்கார்னா விசிறியோடு முன்வரிசையில் அமர்ந்தாள். ஹெனாரோ சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த ஊர்க் கோடையில் ஒன்பது தாண்டித்தான் இருட்டும், வெயில் இன்னும் இறங்கவில்லை.

விளக்கைச் சாயந்திரமே அவர் கரைக்கு எடுத்து வைத்துவிட்டார். முந்நூறு வாட் புது பல்பு. ரப்பர் மட்டும் அதே பழையது, வாசலின் தடவியது. "பாருங்க!" என்று பெட்டியில் சுவிட்சைப் போட்டார். விளக்கு பளீரென்று எரிந்தது. நாலு பேர் கை தட்டினார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் எவாரிஸ்தோ இல்லையே. சட்டைப்பையிலிருந்து மூன்று பக்கத் தாளை எடுத்தார்.

"மதிப்புக்குரிய சக உரிமையாளர்களே..."

தண்ணீருக்கு அடியில் எரிவதற்கென்றே செய்த விளக்கு அது. சுற்றியிருக்கிற தண்ணீர்தான் அதைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். கரையில் அது தன் சூட்டிலேயே வேகும். இரண்டாம் பக்கத்தில், நகராட்சியில் தாம் ஆற்றிய சேவைக்கு அவர் வந்தபோது, கடைசி வரிசையில் இருந்த ரெமேக்கு ரப்பர் கருகும் வாடை வந்தது. எழுந்தாள்.

"தலைவரே, அந்த வெளக்கு..."

"கேள்வியெல்லாம் அஞ்சாவதுல. இப்ப மூணாவது நடக்குது. உக்காரு."

உட்கார்ந்தாள். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம், கத்தியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு, வேகட்டும் என்று விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் பக்கம் முடிந்தது. எவாரிஸ்தோ துண்டால் விளக்கைப் பிடித்து, ஞானஸ்நானம் கொடுக்கிற பாதிரியார் மாதிரி குளிர்ந்த தண்ணீரில் மெல்ல இறக்கினார்.

டமார்!

எங்கார்னாவின் விசிறி கீழே விழுந்தது. கண்ணாடி தண்ணீருக்குள் நூறு துண்டாகச் சிதறி, மினுங்கிக்கொண்டே ஆழத்துக்குப் போயிற்று. கண்ணாடித் தூள் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்.

"அப்ப சான் ஹுவானுக்குக் கொளம்?" என்றார் ஹெனாரோ.

"தொறக்க முடியாது" என்றாள் ரெமே. "தண்ணிய பூரா எறக்கணும், பெருக்கணும், திரும்ப நெரப்பணும். பத்து நாளாவது ஆகும்."

"பல்பு தயாரிப்புலயே கோளாறு" என்றார் எவாரிஸ்தோ. துண்டு இன்னும் கையில் இருந்தது.

"ஆடத் தெரியாதவன் மேட கோணல்னானாம்!" என்றாள் எங்கார்னா. "என் பேரப் புள்ளைங்க நாளான்னைக்கு வருதுங்க. பாத்டப்புலயா நீந்தச் சொல்லுவ?"

எவாரிஸ்தோ ரெமே பக்கம் திரும்பினார். "ஒனக்கு இது தெரியும்ல? ஏன் சொல்லல?"

"சொல்லத்தான எந்திரிச்சேன், தலைவரே. அஞ்சாவது இன்னும் வரலியே."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்காவதற்கு ஓட்டெடுத்தபோது ரெமே இருக்கட்டும் என்று இருபத்துமூன்று கைகள் உயர்ந்தன. "அப்படியே தலைவரையும் மாத்திப்புடுவோம்" என்றாள் எங்கார்னா. சரி, யார் நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருத்தருக்கு முதுகுவலி. ஒருத்தருக்கு மாமியார். எங்கார்னாவுக்குப் பேரப் பிள்ளைகள். ஹெனாரோ விதைப் பொட்டலத்தில் எழுதியிருந்ததை வெகு அக்கறையாகப் படித்தார். எவாரிஸ்தோவே தலைவராக நீடித்தார். அதுவரை ஒரே ஒருவரைத்தான் ரெமே துச்சமாக நினைத்திருந்தாள். அன்றைக்கு மற்ற இருபத்துமூன்று பேரையும் சேர்த்துக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து, வற்றிய குளத்துக்குள் நீல ஓட்டுத் தரையை அவள் கூட்டிக்கொண்டிருந்தபோது எவாரிஸ்தோ ஏணியில் இறங்கி வந்தார். இஸ்திரி போட்ட கால்சட்டை, கையில் நோட்டு. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"எத்தன செகண்டு?"

"எது?"

"வெளிய எரிய விடலாம்?"

"பத்து. அதுக்கு மேல கூடாது. ரப்பர் ஒவ்வொரு வாட்டியும் புதுசு."

எழுதிக்கொண்டு ஏறிப் போனார்.

மறுநாள் காலையில் சுவரில் புது அறிவிப்பு. குளத்து விளக்கைத் தண்ணீருக்கு வெளியே பத்து நொடிக்கு மேல் எரிய விடக் கூடாது. ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். கையெழுத்து, முத்திரை.

ரெமே தப்புக் கண்டுபிடிக்கப் படித்தாள். ஒன்றும் இல்லை. எரிச்சலோடு திரும்பியபோது குதிகாலில் சுருக்கென்றது. செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். அரிசி நொய் அளவு கண்ணாடி. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மறுபடி அந்தச் சுவரைப் பார்த்தாள். தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு உட்காரக் கூடாது என்று ஒரு வரி அதில் குறைந்தது. ஆயுள் முழுக்க எது குறைகிறது என்று கண்டுபிடித்தே பிழைத்த ஆள், இதைக் கண்டுபிடிக்கவில்லை. அவளாகச் சொல்லவும் மாட்டாள்.

கண்ணாடியை முறத்தில் போட்டுவிட்டு, குளத்துக்குள் இறங்கி, முதல் மூலையிலிருந்து மறுபடி கூட்ட ஆரம்பித்தாள்.