முட்டுக்காரரையும் சேர்த்து

மாங்குளத்தில் அப்போது தனியார் மருந்துக்கடை ஒன்றுதான். போரால் பாதை அடைபட்டு மருந்து அரிதாகியிருந்த காலம். கடைக்காரர் ஒரு ஏற்பாடு செய்தார்: அறுவடை முடிந்ததும் வயதானவர் ஒருவருக்காகத் தன்னிடம் ஒரு மூட்டை நெல் கொடுத்தால், அடுத்த அறுவடைவரை அவருக்கு எந்த நோய் வருத்தத்துக்கும் மருந்து தருவார். முட்டு இழுத்து மூச்சுத் திணறும் என் அம்மாவுக்காக நானும் நெல் கொடுத்தேன்.

அடுத்த அறுவடையோடு எதிர்ப்பக்கம் இன்னொருவர் கடை திறந்தார். அரை மூட்டை போதும் என்றார்; ஆனால் முட்டு, சலரோகம் என்கிற சீனி வருத்தம் உள்ளவர்களைச் சேர்க்கமாட்டார். சுகதேகிகள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள்.

"வருத்தக்காரர் மட்டும் மிஞ்சினால் எனக்குக் கட்டாது, பிள்ளை. அம்மாவை இந்தமுறை சேர்க்கேலாது," என்றார் பழைய கடைக்காரர்.

நான் அழுதேன். அம்மா அழவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர் அவர்.

"தோட்டத்துல ஒரே டிஸ்பென்சரி. குடுத்தத வாங்கிக்கிட்டு வந்தோம். இங்கதான் ரெண்டு கடை இருக்கே," என்றார்.

நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்துக் காணிக்காரரிடம் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்த முதியவர். புதிய கடையில் பெயர் கொடுத்திருந்தார்; நெல் இன்னும் கொடுக்கவில்லை.

"ஐயா, இந்த வருசம் ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. அடுத்த வருசம் சீனி வந்தா ஒங்களயும் வெளிய போட்டுருவாரே?"

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "ஓம். அதை நான் யோசிக்கேல்லை."

மற்றவர்களோடு அவரே கதைத்தார். ஒரு காலை எங்கள் ஊர் முதியவர்கள் எல்லோரும், சுகமானவரும் வருத்தக்காரருமாக, மாட்டுவண்டிகளில் போய் இரண்டு கடைகளுக்கும் நடுவே இறங்கினார்கள். நானும் கூடப் போனேன்.

"எல்லாரும் ஒண்ணாத்தான் சேருவோம். நோயாளிய விடுற கடைக்கு ஒருத்தர் நெல்லும் வராது," என்றார் அம்மா.

புதியவர் சிரித்தார். "நட்டம் எனக்கெல்லோ?"

"அப்ப எதிர்க்கடைக்குப் போறோம்."

எல்லோரும் திரும்பியதும் அவர் சிரிப்பு நின்றது. "நில்லுங்கோ. முக்கால் மூட்டை தாங்கோ, எல்லாரையும் எடுக்கிறன்."

பழையவரும் வாசலுக்கு வந்துவிட்டார். "முக்காலுக்கு நானும் எடுக்கிறன்."

"நடக்க முடியாதவங்க வீட்டுக்கு யாரு வருவீங்க?" என்று கேட்டார் அம்மா.

புதியவர் யோசித்தார். பழையவர், "சைக்கிளில வாறன்," என்றார். அவரிடமே சேர்ந்தார்கள்.

"ஒரு வருசத்துக்குத்தான். சரியில்லன்னா மாறிருவோம்," என்று அம்மா அவர் முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்த மாரியில் அம்மாவுக்கு முட்டு இழுத்தபோது கடைக்காரர் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். அம்மா மருந்தைக் குடித்து, மூச்சு சீரானதும் கேட்டார்: "போன வருசத்தவிட தண்ணியா இருக்கே, ஏன்?"