எங்கள் வீட்டு ஜாகுவார்

இரண்டாயிரத்துப் பதினொன்றில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு ஜாகுவார் வந்தது. காலுள்ளது அல்ல. மகள் லைசென்ஸ் எடுத்து வாங்கிவந்த மலைப்பாம்பு. நிறம் மாறிப் பிறக்கும் மலைப்பாம்புகளுக்கு ஜாகுவார், சீப்ரா, கேரமல் என்று பெயர் வைக்கிறார்கள். பந்துபோலச் சுருண்டுகொள்ளும் பால் பைதன் என்ற இனத்தில் இன்னும் ஏராளமான நிறங்களாம், ஆனால் இந்த நாட்டில் வளர்க்க விடமாட்டார்களாம் என்று மகள் கவலைப்பட்டாள். எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

பாம்பு என்று நான் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் வந்துவிடும். பூச்சி என்பேன். இது சொல்லாமலே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பூச்சி போகவேண்டும், இல்லாவிட்டால் நான் போவேன் என்றேன். எங்கே போவதாக உத்தேசம் என்று கணவர் அக்கறையாக விசாரித்தார்.

பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய நாளிலிருந்து மகள் யெஸ், நோ, ஃபைன் என்ற மூன்று சொல்லை வைத்தே என்னைச் சமாளித்துவந்தாள். அவள் இப்போது நான் சமைக்கும்போது குசினிக்குள் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கதைத்தாள். எல்லாம் பூச்சிக் கதைதான். ஜாகுவாருக்குக் கோலம் குறைவு, மஞ்சள் அதிகம், ஒன்றின் கோலம் இன்னொன்றுக்கு வராது என்று படம் படமாகக் காட்டினாள். ஒருமுறை பார்த்த சாறிக் கரையை நான் மறப்பதில்லை. எங்கள் பூச்சியின் பாழாய்ப்போன கழுத்தும் மனதில் பதிந்துவிட்டது.

வியாழக்கிழமை மகள் வகுப்புக்குப் போனபின் பார்த்தால் கண்ணாடிப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. நான் கட்டிலில் ஏறி நின்றேன். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவர்கள் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு பாம்பாம். பிடிக்கிறவர் வந்துவிட்டாராம். எங்களுடையதா என்று பார்க்கக் கூப்பிட்டார்.

போய் வாசலிலேயே நின்றுகொண்டேன். நிறத்தைப் பார்த்தால் யாரோ வளர்த்தது, சொந்தக்காரர் இல்லையென்றால் கொண்டுபோய்விடுவேன் என்றார் பிடிக்கிறவர்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. இல்லை என்ற ஒரு சொல் போதும். வாயைத் திறந்தேன். அப்போது பார்த்து அந்தக் குசினிக் கதிரை நினைவுக்கு வந்தது. இது போய்விட்டால் நாளைக்கு மகள் என்னோடு எதைக் கதைப்பாள்? மறுபடி அந்த மூன்று சொல்தான். பூச்சியைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்களுடையதுதான் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். கழுத்தில் இடப்பக்கம் உடைந்த சாவி மாதிரி ஒரு கோடு, அதற்குக் கீழே ஒட்டினாற்போல் இரண்டு புள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன். அவர் திருப்பிப் பார்த்து, மெச்சி, துணிப்பையில் போட்டு என் கையிலேயே தந்துவிட்டார். தெரிந்த தேவாரம் முழுவதையும் சொல்லி முடித்தும் வீடு வரவில்லை. பையோடு பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன்.

பின்னேரம் மகள் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வழியிலேயே எல்லாம் சொல்லியிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே அம்மா. ஏன் சொல்லேல்ல?"

"கதிரையில இரு," என்றேன். "அந்தக் கேரமல் எப்பிடி இருக்கும் எண்டு சொல்லு."