பார்க்காமல் எழுதிய நான்கு

பிராணிகள் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அவளை டிகிரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் படித்தது எட்டாவது வரை. தடுப்பூசி மருந்து இருக்கும் ஃப்ரிட்ஜ் அவள் பொறுப்பு. காலையும் மாலையும் அதன் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். "நீங்க என்ன டிகிரிக்கா?" என்று யாரோ விளையாட்டாகக் கேட்டபோது, "ரெண்டுலேர்ந்து எட்டு. கூடினாலும் வம்பு, குறைஞ்சாலும் வம்பு" என்று சிரிக்காமல் பதில் சொன்னாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

பதினோரு வருடம் துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிய பிறகு இங்கே வந்தவள். நாயென்றால் காத தூரம் ஓடியவள் இப்போது எந்த முரட்டு நாயையும் அணைத்துப் பிடித்து, அதன் காதோரம் ஏதோ முணுமுணுத்து, ஊசியை உருவும்வரை அசையாமல் வைத்திருப்பாள். அப்படி என்னதான் சொல்கிறாள் என்று டாக்டரம்மா ஒருநாள் காதைக் கொடுத்துக் கேட்டாள். வீட்டுக்கு வாங்க வேண்டிய மளிகைப் பட்டியல்.

அது நாய்க்குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் பரவிய மழைக்காலம். பார்வோ என்கிற கிருமி. நான்கே நாளில் குட்டியை வற்ற வைத்துவிடும். காலத்தோடு ஊசி போடுவதுதான் ஒரே காப்பு என்று டாக்டரம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை வாசலிலேயே கூட்டம். டிகிரி அக்கா அன்று தாமதம். மகளை வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அனுப்பிவிட்டு மூச்சு வாங்க வந்தவள், நோட்டை எடுத்து வழக்கம்போல '4' என்று எழுதினாள். வெப்பமானியைப் பார்க்கவில்லை.

மதியம் கூட்டம் கலைந்த பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து நிதானமாகப் பார்த்தபோது அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. வெப்பமானி ஐந்து காட்டியது. ஆனால் பழைய உச்ச அளவைக் காட்டும் பொத்தானை அழுத்தியதும் இருபத்து மூன்று என்று வந்தது.  பின்கட்டில் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், ஃப்ரிட்ஜ் பிளக்கைத் தொட்டாரா என்று கேட்டாள்.

"சனிக்கிழமை நீங்க போனப்புறம் சுவர் தேய்க்கிற மிஷினுக்காக பிளக்கைக் கழட்டினேன். மறந்தே போச்சு. நேத்து லீவு. இன்னைக்கு வந்ததும் முதல் வேலையா மாட்டிட்டேனே!" என்றார் அவர், நல்ல காரியம் செய்தவர் போல.

அதற்குள் ஒன்பது பிராணிகளுக்கு அந்த ஃப்ரிட்ஜிலிருந்த மருந்து போயிருந்தது. இன்னொரு பொத்தானை அழுத்தினால் இருபத்து மூன்று அழிந்துவிடும். நோட்டில் நான்கு இருந்தது.  அவள் அந்தப் பொத்தானைத் தொடாமல் டாக்டரம்மாவைக் கூட்டிவந்து காட்டினாள்.

"காலையில பாத்தீங்களாக்கா?"

"பாக்கலை டாக்டர். பாக்காமலே எழுதிட்டேன்."

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "சூடு பட்ட மருந்தால கெடுதல் வராது. ஆனா அது வேலை செய்யும்னு நம்பி உக்கார முடியாது. எல்லாத்தையும் ஒதுக்கி வைங்க. ஒன்பது பேரையும் திரும்ப வரச் சொல்லுங்க."

நகரின் மறுகோடியில் இருந்த இன்னொரு மருத்துவமனையிலிருந்து ஐஸ் பெட்டியில் புது மருந்து வந்தது. எட்டு வீட்டுக்காரர்கள் போனை எடுத்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், ஒரு பூனைக்காரி வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஆனாலும் எட்டு பேரும் வந்தார்கள். ஒன்பதாவது, ஒரு பஸ் ஓட்டுநரின் வெள்ளைக்குட்டி. அவர் தந்த எண்ணில் ஓர் இலக்கம் குறைந்திருந்தது.

சீருடையோடு வந்தவர் என்பது நினைவிருந்ததால் அவள் பஸ் பணிமனைக்குப் போனாள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எதிரே போய் நின்றாள்.

"காலையிலதான ஊசி போட்டீங்க? மறுபடியும் எதுக்கு?"

"மருந்து கெட்டுப்போயிருந்ததுங்க. பாத்திருக்க வேண்டியது நான். பாக்கலை."

"எங்க தெருவுல ஏற்கெனவே ரெண்டு குட்டி போயிருச்சு, தெரியுமா உங்களுக்கு?" அவர் குரல் உயர்ந்தது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் தலையைக் குனியவில்லை. கடைசியில் அவர், "காலையில கொண்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை குட்டிக்குப் புது ஊசி போட்டார்கள். வெள்ளிக்கிழமை அதற்கு வாந்தி, பிறகு ரத்தக் கழிச்சல். கிருமி ஊசிக்கு முன்பே உள்ளே போயிருக்கலாம் என்றாள் டாக்டரம்மா. முதல் ஊசி நல்ல மருந்தாக இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று ஓட்டுநர் கேட்டார். "சொல்ல முடியாது" என்பதுதான் உண்மையான பதில். டாக்டரம்மா அதையே சொன்னாள்.

ஐந்து நாள் குளுக்கோஸ் ஏறியது. டிகிரி அக்கா மற்றக் குட்டிகள் பக்கம் போகாமல் இதை மட்டும் பார்த்துக்கொண்டாள். கூண்டை ப்ளீச்சிங் தண்ணீரால் துடைத்து, தன் கையையும் செருப்பையும் கழுவிக் கழுவி விரல் வெடித்தது. ஆறாம் நாள் குட்டி தானாக எழுந்து தண்ணீர் குடித்தது. பத்தாம் நாள் வீட்டுக்குப் போனது.

ஓட்டுநர் டாக்டரம்மாவுக்கு நன்றி சொன்னார். அவளிடம் பேசவில்லை. மறுமாதம் அடுத்த ஊசிக்கு வந்தபோதும் பேசவில்லை. மேஜைமேல் குட்டியை விட்டுவிட்டு நேரே ஃப்ரிட்ஜ் பக்கம் போய், குனிந்து வெப்பமானியைத் தானே படித்துப் பார்த்தார். அவள் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் தலையசைத்ததும் குட்டியைப் பிடித்துக்கொண்டாள்.