படிவத்தில் நான் எழுதாத பெயர்

இண்டைக்குப் பின்னேரம் லோன்ட்ரி அறையில மலர் அன்ரியைக் கண்டன். மேல் மாடியில பைப் வெடிச்சு, அவ இருக்கிற வீட்டுக்குள்ள தண்ணி வந்து ஒரு கிழமை. தைக்கக் குடுத்த ஆக்களின்ர துணியளை ட்ரையரில போட்டுக்கொண்டு நிண்டா.

"தையல் மெஷின் என்னமாதிரி அன்ரி?"

"அது தண்ணியில பழுதாப் போட்டுது தம்பி. இன்சூரன்ஸில என்ர பேர் இல்லையாம், காசு தரமாட்டினமாம்."

பேர் இல்லாததுக்குக் காரணம் நான்தான்.

இன்சூரன்ஸ் இல்லாமல் வீடு தரமாட்டன் எண்டு ஓனர் சொன்னபடியால், அன்ரி வாடகைக்கு அறை எடுத்திருக்கிற குடும்பத்துக்கு நான்தான் படிவம் நிரப்பிக் குடுத்தனான். ஆர் ஆர் இருக்கினம் எண்ட இடத்தில புருசன், பெண்சாதி, ரெண்டு பிள்ளையள் எண்டு எழுதினன். அன்ரியை விட்டிட்டன். ஆக்கள் கூட எண்டு தெரிஞ்சால் ஓனர் வீட்டை விட்டு எழுப்பிப்போடுவார் எண்ட பயம். அப்ப அதைப் பெரிய கெட்டித்தனம் எண்டு நினைச்சன்.

அதை அன்ரியிட்டச் சொன்னன்.

"நீர் நல்லதுக்கெண்டுதானே செய்தனீர்" எண்டா.

ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

உங்கள் எல்லாருக்கும் இந்த ஈமெயிலை எழுதமுன்னம் என்ர வீட்டு இன்சூரன்ஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தன். அதில நானும் மனுசியும் மட்டும்தான் இருக்கிறம். ரெண்டு வருசமா ஹோலில படுக்கிற மச்சான் அதில இல்லை. பேனையை எடுத்தனான், ஆனால் இன்னும் எழுதேல்லை.

வாசலில மூண்டு பேரின்ர சப்பாத்துக் கிடக்குது. உங்கட வீட்டில எப்பிடி, படிவமும் சப்பாத்தும் ஒத்துப்போகுதோ?