பின்கதவைச் சாத்திவிட்டுப் பார்த்த பாதங்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காண்ட்ராக்ட் ஆளாகச் சுரங்கத்தில் இறங்கினேன். கூட இறங்கியவர்கள் பாதியில் ஓடினார்கள், நான் நின்று பெர்மனென்ட் ஆனேன். குவார்ட்டர்ஸில் இருந்தபடியே வெளியில் மனை வாங்கினேன். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மேஸ்திரி மறைந்தபோது, ஷிஃப்ட் முடித்து வந்து நானே கரண்டி பிடித்து மாடிவரை சுவர் எழுப்பினேன். ஒன்றுக்கும் உதவாது என்று எல்லோரும் சொன்ன மேட்டில் முந்திரி வைத்துக் காய்க்க வைத்தேன். மகனை இன்ஜினியர் ஆக்கினேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தெரியாதது ஒன்று உண்டு. சர்க்கரை வந்து உணர்ச்சி மரத்துப்போன என் வீட்டுக்காரியின் பாதங்களை, அவள் கண்ணை மூடும்வரை ஒரு விரல் குறையாமல் காத்தவன் நான்.

சுரங்கத்தில் எனக்குப் பெல்ட் வேலை. நிலக்கரி ஓடுகிற பெல்ட் நின்றதும் அதைத் தாங்கும் ரோலர்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சுற்றாமல் சிக்கிக்கொண்ட ரோலர் கொதிக்கும், கண்டுகொள்ளாமல் விட்டால் கரித்தூளில் தீப்பிடிக்கும். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்குச் சூடு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்துத்தான் பார்ப்போம். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவளால் குனிய முடியாது, கண்ணும் மங்கல். எனக்கு இது தெரிந்த வேலை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவள் விடவில்லை. "புருசன் பொண்டாட்டி கால மடியில வச்சிகினு ஒக்காந்தா பாவம் எனக்குத்தான் சேரும். தெருவுல பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"தெருவா வந்து உன் காலப் பாக்கப் போவுது?"

"மொதல்ல கதவச் சாத்துங்க."

அன்றிலிருந்து பின்கதவைச் சாத்துவது வழக்கமாயிற்று. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள், நான் தரையில். பாதத்தைக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஈரம் ஒற்றி, விரலிடுக்கில் செல்போன் டார்ச் அடித்துப் பார்ப்பேன். குதிகாலுக்கு எண்ணெய் தடவுவேன், விரலிடுக்குக்குக் கூடாது. கடைசியில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன். முடிந்ததும் அவள் குனிய முடியாமல் என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். வெளியே சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்ததற்குப் பங்குனி உத்திரத்தில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். செருப்புப் போட்டுக்கொண்டு போ என்றேன். "செருப்புப் போட்டுகினு யாராவது பால்குடம் எடுப்பாங்களா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

உச்சி வெயில், தார் உருகுகிறது. மற்ற பெண்கள் தண்ணீர் ஊற்றிய இடம் தேடிக் குதிக்கிறார்கள். இவள் மட்டும் அசையாமல் நடுரோட்டில் நடக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் என்னிடமே சொன்னாள்: "எங்களுக்குக் கால் வெந்துபோவுது மாமா. அக்கா பூமேல நடக்கிற மாதிரி நடக்குது பாருங்க. முருகனே எறங்கியிருக்கான்." கூட்டத்தில் சிலர் அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். அவளுக்குச் சூடே தெரியவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பாதத்தைத் திருப்பினேன். இரண்டிலும் கொப்புளம் தளதளவென்று நின்றது. புறங்கையை வைத்தேன், சிக்கின ரோலர் மாதிரி கொதித்தது.

"நோவவே இல்லீங்களே," என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப முருகன் எறங்கலியா?" என்று கேட்டாள்.

"எறங்கினாரு. பால்குடத்துக்கு அவரு வந்தாரு. காலுக்கு நான்தான் டூட்டி," என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

கொப்புளத்தை உடைத்து மஞ்சள் வைக்கலாம் என்று வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். "உடைக்காம உடனே கொண்டாந்தது நல்லது. புண்ணாகி உள்ள போயிருந்தா விரலுக்கே ஆபத்து. வீட்டுல யார் பார்த்துக்கிறாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நானே பாத்துக்குவேங்க," என்றாள். பக்கத்தில் நான் நிற்கிறேன்.

திரும்பும்போது ஆட்டோவில் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். "உங்க மானத்தக் காப்பாத்தினேன். கோவமா?" என்றாள். கோபம்தான்.

அவள் கால் தரையில் படாமல் பார்த்துக்கொண்டேன். கட்டுப் பிரித்துக் கட்டுவதும், குளியலறைக்குத் தூக்கிப் போவதும் என் வேலை. தெருவெல்லாம் பலாப்பழம் மணத்த நாட்களில் அவளுக்கு ஒரே ஒரு சுளை கொடுப்பேன். "பண்ருட்டிப் பக்கத்துல பொறந்தவளுக்கு ஒத்தச் சுளையா? ஜெயில்ல கூட நெறையக் குடுப்பாங்க," என்பாள். அந்தப் பழக்காலம் முடிவதற்குள் புண் ஆறிப் புதுத்தோல் வந்தது.

அதற்கப்புறம் ரொம்ப நாள் இருந்தாள். போன வருடம் ஒரு மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை, நெஞ்சுதான். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது, நான் கட்டுகிறேன் என்று கயிற்றை வாங்கினேன். ஒரு கீறல் இல்லை. பழக்கத்தில் புறங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

இப்போதும் வெயில் தாழ்ந்தால் என் கை சும்மா இருப்பதில்லை. சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு, அவளுடையது, பின்கதவோரம் இருக்கிறது. கல், பூச்சி இருக்குமே என்று அவள் போடுவதற்கு முன் நான் தட்டிவிடுவது வழக்கம். இன்றும் எடுத்துத் தட்டுகிறேன், எதுவும் விழுவதில்லை. "எதுக்கு மாமா அது?" என்று மருமகள் கேட்கிறாள். கதவைச் சாத்தச் சொல்லி ஒரு குரல் வராதா என்று நிற்கிறேன் என அவளிடம் எப்படிச் சொல்வது.

துக்கத்துக்கு வந்தவர்கள், முருகன் காப்பாற்றின கால் என்றார்கள். பதினாறாம் நாள் மகன், "டாக்டருங்க நல்லா பார்த்தாங்க, அம்மாவும் கால ரொம்ப ஜாக்கிரதையா வச்சிருந்தாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். சத்தியம் என் வாயைக் கட்டியிருந்தது. உண்மை தெரிந்த ஒருத்தி போய்விட்டாள். அவள் வாயால் ஒரு தடவை, "இவருதான் பாத்துகினாரு" என்று கேட்டிருந்தால் எனக்குப் போதும், இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் வருஷத் திதி. வருகிறவர்கள் மறுபடி அந்தக் காலைப் பற்றிப் பேசுவார்கள். முருகனைச் சொல்லுங்கள், டாக்டரைச் சொல்லுங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் மகனே, இந்த முறை எல்லோர் காதிலும் விழும்படி நீ சொல்ல வேண்டும்: உன் அம்மா காலைத் தினமும் மடியில் வைத்துப் பார்த்தவன் உன் அப்பன். சத்தியத்தை நான் மீறிவிட்டேன், அதை அவளிடம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்.