அவன் பாட்டை நிறுத்தியபோது

இருபது வருடத்துக்கு முந்திய கதை. நான் மிருதங்கம் வாசிப்பவன். கனடாவுக்குக் கச்சேரி செய்ய வந்த ஓர் அயர்லாந்துப் பாட்டுக்குழுவில் மேளக்காரனுக்குக் கை முறிந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று கிழமை அவர்களோடு ஊர் ஊராகப் போனேன். தனியாக வாசிக்க எனக்கு ஓரிடமும் தரவில்லை. அது மனதில் கிடந்தது.

கடைசிக் கச்சேரி மொன்றியலில். அதே நகரில் கார்ட்டியர்வில் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து மனைவியும் வந்திருந்தாள். ஒரு மெதுவான பாட்டின் பாதியில் பாடகன் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். எங்கள் கச்சேரிகளில் பாடுபவர் அப்படித் திரும்பினால், இனி மிருதங்கத்தின் முறை. நான் தொடங்கிவிட்டேன். ஐந்து நிமிடம் விடாமல் வாசித்தேன். சனம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு அவன் மிச்சத்தைப் பாடி முடித்தான்.

மேடைக்குப் பின்னால் மனைவி சிரித்தாள். "பாட வந்தவனைப் பாட விடாமல் அடிச்சுத் தள்ளிப்போட்டியளே!"

அப்போது பாடகன் வந்து என் கையைப் பிடித்தான். அது அவனுடைய தாய் சொல்லிக்கொடுத்த பாட்டாம். தாய் இறந்து ஒரு மாதம்தானாம். பாதியில் குரல் அடைத்துவிட்டதாம்.

"நீ விளங்கிக்கொண்டு என்னைக் காப்பாற்றினாய்," என்றான்.

நான் தலையாட்டினேன்.

காரில் மனைவி கேட்டாள். "அவன்ரை முகத்தைப் பார்த்தே உங்களுக்கு விளங்கினதோ?"

"ஓம்," என்றேன்.

அவன் திரும்பியதை மட்டும்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது யாருக்கு வாசித்தாலும் முகத்தைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். அவளுக்கு இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.